பந்துப் பைத்தியம் பிடிச்ச நாயா பாத்து எடுங்க

கோத்தகிரி பக்கம் நாய் பழக்கிக் கொடுக்குறவன்னு பேர் ஆனதுல இருந்து போன்ல வர்ற கேள்வி முக்கால்வாசி ஒண்ணுதாங்க. மோப்பத்துக்கு எந்த ப்ரீடு எடுக்கலாம்? எஸ்டேட் மேனேஜர் கேக்குறாரு, ஹோம்ஸ்டே நடத்துறவங்க கேக்குறாங்க, காட்டு விலங்கு ஆராய்ச்சி பண்ற காலேஜ் பசங்க கேக்குறாங்க, கேட்ட கையோட பதிலையும் அவங்களே சொல்லிடுவாங்க, "மாலினாய்ஸ் தானேண்ணா பெஸ்ட்டு?" போலீஸ், ராணுவத்துல வச்சிருக்குற பெல்ஜியம் நாட்டு இனம் அது, யூடியூப்ல சுவர் ஏறிக் குதிக்கிறதைப் பாத்திருப்பாங்க. சுவர் ஏறுறதுக்கும் மோப்பத்துக்கும் என்னங்க சம்பந்தம்னு கேட்டா அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே வராது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் ஒரேயடியா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

முதல்ல மூக்கு கதையை முடிச்சிடுறேன். நம்ம மூக்குல வாசனை பிடிக்கிற ஏற்பிகள் சுமார் 50, 60 லட்சம், நாய்க்கு 20 கோடிக்கு மேல. அது மூச்சை வெளிய விடும்போது காத்து நாசி ஓரத்துப் பிளவு வழியா பக்கவாட்டுல போயிடும், அதனால விடுற மூச்சு எதிர்ல இருக்குற வாசனையைக் கலைக்காது, விடாம மோந்துக்கிட்டே இருக்கலாம், செகண்டுக்கு அஞ்சு தடவை கிட்ட மோக்கும். இதெல்லாம் உங்க வாசப்படில சுருண்டு படுத்திருக்குற நாட்டு நாய்க்கும் உண்டு. மூக்குக்குப் பஞ்சமே இல்லைங்க. தேடுற வெறி இருக்கு பாருங்க, அதுக்குத்தான் பஞ்சம்.

2015-ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு பண்ணாங்க. பக், ஜெர்மன் ஷெப்பர்டு, க்ரேஹவுண்ட் மூணுக்கும் ஒரே வாசனைப் பரீட்சை. ஜெயிச்சது பக். ஆமாங்க, நம்மாளுங்க ஹட்ச் நாய்னு சொல்ற அதே சப்பை மூக்கு, நாலு படி ஏறினா மூச்சு வாங்குற ஜீவன், போலீஸ் நாயைத் தாண்டிடுச்சு. க்ரேஹவுண்டுல பெரும்பாலானது பரீட்சை வரைக்கும் கூட வரல, இதுல எனக்கென்ன இருக்குன்னு நின்னுடுச்சுங்க. அதுக்காக பக்கைத் தூக்கிட்டு தொட்டபெட்டா ஏறச் சொல்லல நான், இந்த மலைக்கு அதோட மூச்சு தாங்காது. ஆனா ப்ரீடு பேரை மட்டும் வச்சு கணக்கு போடுறவங்க இந்த ஒரு ரிசல்ட்டை மனசுல வச்சுக்கணும்.

இன்னொரு கோஷ்டி இருக்கு. 2020 ஆகஸ்ட்ல மன் கி பாத்-ல பிரதமர் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பைன்னு பேர் சொன்னதுல இருந்து "நம்ம இன நாயை ஏன் மோப்பத்துக்குப் பழக்கக் கூடாது?"ன்னு கேக்குறவங்க. பழக்கலாம், தாராளமா. ஆனா சிப்பிப்பாறையும் கன்னியும் அந்த க்ரேஹவுண்டு மாதிரி ஒல்லி வேட்டை நாய்ங்க, முயலைக் கண்ணால பாத்து விரட்டுறதுக்குன்னே தலைமுறை தலைமுறையா பொறுக்கி எடுத்தது. தரையை மோந்துக்கிட்டே ஓடுற வகை வேற, ஊட்டி ஹன்ட்ங்கற வேட்டைக் கிளப்புல வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில நரி விரட்ட வச்சிருந்த ஃபாக்ஸ்ஹவுண்டு அந்த ஜாதி. இப்படிச் சொன்னாலும் சிப்பிப்பாறை ஒண்ணு பந்துக்காக உயிரை விடுற மாதிரி கண்ணுல பட்டா நான் ரெண்டாவது யோசனை பண்ணாம எடுத்துக்குவேன். உத்தராகண்ட் போலீஸ் தெருநாயையே மோப்ப நாயா பழக்கிக் காட்டியிருக்காங்க. குட்டியோட ஜாதகத்தைப் பாக்காம அது என்ன பண்ணுதுன்னு பாருங்க, அவ்ளோதான்.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது வெலிங்டன் பக்கம் இருக்குற ஒரு அண்ணன். ராணுவத்துல நாய் ஹேண்ட்லரா இருந்து, மீரட்ல ஆர்விசி சென்டர்ல (ராணுவத்தோட கால்நடைப் பிரிவு) பழகி, எல்லைப் பக்கமெல்லாம் நாயோட நடந்து ரிட்டயர் ஆனவர். பேச்சு ரொம்பக் கம்மி. கட்டபெட்டு பக்கம் ஒரு லைன் வீட்டுல லேப்ரடாரும் எஸ்டேட் நாயும் கலந்த ஒரு பொட்டை இருக்குன்னு கேள்விப்பட்டு அவரோட போனேன். வீட்டு அக்கா எங்களைப் பாத்ததும் கும்பிடாத குறை. "கூட்டிட்டுப் போயிருங்க சாமி, புள்ளையோட ஷட்டில் பேட்டு போச்சு, கேஸ் ட்யூப் போச்சு, நேத்து மீட்டர் பொட்டி மேல ஏறி நிக்குது." அண்ணன் காதுல அது தேனா விழுந்திருக்கும் போல, அன்னிக்கு முதல் தடவையா சிரிச்சார்.

அப்புறம் நடந்ததை அப்படியே சொல்றேன், ஏன்னா இதுதான் பரீட்சை. பழைய டென்னிஸ் பந்தை நாய் மூக்குகிட்ட ஆட்டினார், கீழ டீச்செடிக்குள்ள தூரமா வீசினார், வீசிட்டு நாயை விடல, காலரைப் பிடிச்சு அது தலையைத் திருப்பி வீட்டைப் பாக்க வச்சுக்கிட்டு நின்னார். பந்து எங்க விழுந்துச்சுன்னு மறக்கட்டும்னு. கொஞ்ச நேரம் கழிச்சு விட்டதும் சிட்டு (பேர் அப்புறம் வச்சதுதான்) செடிக்கு அடியில பூந்துச்சு. செடி ஆடுறது மட்டும் தெரியுது, இங்க ஆடுது, அங்க ஆடுது, வெளிய வந்து மூஞ்சியெல்லாம் சருகோட எங்களைத் திரும்பிக்கூட பாக்காம அடுத்த வரிசைக்குள்ள போகுது. ஒரு கோழி குறுக்க ஓடுச்சு, பாக்கல. அந்த வீட்டுப் பையன் வர்க்கியைக் காட்டி "வா வா"ங்குறான், பாக்கல. எடுத்துட்டு வந்துச்சு. அடுத்த தடவை அண்ணன் வீசுற மாதிரி கையை மட்டும் வீசிட்டு பந்தை ஜோப்புல போட்டுக்கிட்டார். இல்லாத பந்தைத் தேடி அந்த நாய் சரிவு முழுக்க அலசுது, நான் போதும்ணே விட்ருவோம்னேன், "இரு தம்பி, அது விடுதான்னு பாக்கணும்"ன்னார். அது விடல. இவருதான் கடைசியில பந்தை எடுத்துப் போட்டார்.

ரெண்டாவது பரீட்சை பயம். மொசைக் தரையில வழுக்கிட்டு நடக்குதா, தகர ஷீட்டு மேல நடக்கும்போது சத்தத்துக்கு மெரளுதா, பஸ் ஸ்டாண்டுல ஹாரன் அடிச்சா வாலைச் சுருட்டுதா, இருட்டு குடோனுக்குள்ள பந்து போனா பின்னாலயே போகுதா. மெரண்டா குத்தமில்ல, மெரண்ட பிறகு எவ்ளோ சீக்கிரம் திரும்ப வேலைக்கு வருதுங்கறதுதான். நாய்க்குட்டிக்கு பிறந்த மூணாவது வாரத்துல இருந்து பன்னெண்டாவது வாரம் வரைக்கும் உலகத்தைப் பழகுற காலம், அந்தச் சமயத்துல கூண்டுலயே கிடந்த குட்டிக்கு அப்புறம் எவ்ளோ காட்டினாலும் கொஞ்சம் பயம் தங்கிடும். அதே சமயம் எட்டு வாரக் குட்டியைப் பாத்து இது பெரிய மோப்ப நாயா வரும்னு சத்தியம் பண்றவங்களை நம்பாதீங்க, அந்த வயசுல பாத்தது வளந்ததும் மாறும். ஒரு வயசு கிட்ட நெருங்கின நாயா பாத்து எடுக்குறது புத்திசாலித்தனம். விக்கிறவங்களுக்கு நான் இப்படிச் சொல்றது பிடிக்காது, தெரியும்.

இன்னொரு விஷயம், வீட்டு நாய்ல நமக்கு ரொம்பப் பிடிச்ச குணம் இங்க கொஞ்சம் இடிக்கும். 2003-ல ஹங்கேரி ஆராய்ச்சியாளர்கள் நாய்க்கும் மனுஷங்க வளத்த ஓநாய்க்கும் திறக்கவே முடியாத மாதிரி சாப்பாட்டை மாட்டி வச்சு பாத்தாங்க. நாய் கொஞ்சம் முட்டிப் பாத்துட்டு மனுஷன் மூஞ்சியைத் திரும்பிப் பாக்குது, ஓநாய் அதுபாட்டுக்கு முட்டிக்கிட்டே இருக்கு. சோபாவுல நம்ம பக்கத்துல உக்காந்து கண்ணையே பாக்குற சமத்து நாய், தேடும்போதும் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பி "இங்கயா?"ன்னு கேக்கும். அமெரிக்காவுல விலங்கு விட்டை தேடுற நாய்களை ஷெல்டர்ல இருந்து எடுக்குறதுக்குக் காரணம் இதான், வீட்டுல வச்சு சமாளிக்க முடியலன்னு ஜனங்க விட்டுட்டுப் போன பந்துப் பைத்தியங்கள் அங்க நிறைய கிடைக்கும். அந்த அக்கா வீட்டு மீட்டர் பொட்டி மேல நின்ன கேஸு.

சரி, எடுத்தாச்சு, எப்படிப் பழக்குறது. அடிப்படை ரொம்ப சிம்பிள். ஓட்டை போட்ட டப்பாவுக்குள்ள வாசனை, நாய் மோந்த அந்த நொடியில "யெஸ்", பந்து அந்த டப்பா இருக்குற இடத்துலயே விழணும், நம்ம கையில இருந்து வந்தா நாய் நம்ம கையைத்தான் பாக்கும். அப்புறம் காலி டப்பாக்கள் கூட, அப்புறம் வேற வாசனை வச்ச டப்பாக்கள் கூட, அப்புறம் அலமாரிக்குள்ள, வண்டிக்கு அடியில, வெளிய. கண்டுபிடிச்சா உக்காரணும், இல்லைன்னா உறைஞ்சு நிக்கணும். வெடிபொருள் தேடுற நாய் காலால பிராண்டினா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல.

எந்த வாசனைங்கறதுல எங்க ஊருக்குன்னு ஒரு தலைவலி. விளையாட்டா நாய்க்கு மோப்பம் பழக்குற வெளிநாட்டுக்காரங்க பிர்ச் எண்ணெய், சோம்பு எண்ணெய், கிராம்பு எண்ணெய் வச்சு ஆரம்பிக்கிறாங்க. பிர்ச் எண்ணெயில கிட்டத்தட்ட முழுக்க இருக்குறது மெத்தில் சாலிசிலேட். அதே சரக்குதான் ஊட்டியில கடைக்குக் கடை விக்கிற விண்டர்கிரீன் தைலத்துலயும் இருக்கு, முட்டி வலி மருந்துலயும் இருக்கு. சிட்டுக்கு ஆசையா அதுல ஆரம்பிச்சேன், ரூமுக்குள்ள நல்லாத்தான் போச்சு, வெளிய கூட்டிட்டுப் போனா எதிர் வீட்டுப் பாட்டி முட்டிக்கு முன்னால போய் உறைஞ்சு நிக்குது. பாட்டி நகந்தா இதுவும் நகருது. பஸ்ஸுல வர்ற பாதிப் பேர் அதைத் தடவிட்டுத்தான் வர்றாங்க, மலையில எல்லாருக்கும் முட்டி வலி. கிராம்புன்னா ஞாயித்துக்கிழமை ஊர் முழுக்க பிரியாணி, சோம்புன்னா தினமும் குருமா. கடைசியில நாய் கடிக்கிற காங் பொம்மையோட சிவப்பு ரப்பரையே சின்னச் சின்னத் துண்டா நறுக்கி அதுல பழக்குனேன், இதை மத்த நாடுகள்லயும் பண்றாங்க, ரப்பர் வாசனை நம்ம சமையல்கட்டுல இல்ல பாருங்க.

வாசனைப் பொருளைக் கண்ணாடி பாட்டில்ல இறுக மூடி வைக்கணும், பிளாஸ்டிக் கவர் ஆகாது, ஒண்ணோட வாசம் இன்னொண்ணுல ஏறிடும். இதைவிட ஏமாத்துற விஷயம், நாய் நீங்க நினைக்கிறதைத்தான் கத்துக்கிச்சுன்னு எந்த உறுதியும் இல்ல. வாசனை டப்பாவை மட்டும் கிளவுஸ் போட்டுத் தொட்டீங்கன்னா அது கிளவுஸ் வாசனையைக் கத்துக்கும், அதுல மட்டும் டேப் ஒட்டியிருந்தா டேப்பை. அதனால காலி டப்பாவுலயும் அதே கிளவுஸ், அதே டேப், அதே கை படணும். அப்புறம் எதுவுமே ஒளிச்சு வைக்காத ரூமையும் அடிக்கடி தேட வைக்கணும். எதுவும் இல்லைன்னா இல்லைன்னு நாய் வெளிய வரணும், அது ரொம்பப் பெரிய பாடம், பந்து கிடைக்கும்னு சும்மா உக்கார்ற நாயால யாருக்கும் லாபமில்ல.

சும்மா உக்கார வைக்கிறது பெரும்பாலும் நாமதான். 2011-ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாகத்துல இருந்து ஒரு ஆய்வு வந்துச்சு, இந்தத் துறையில நிறைய பேருக்கு அது வயித்தெரிச்சல். பதினெட்டு ஹேண்ட்லர்களை அவங்கவங்க நாயோட ஒரு சர்ச்சுக்குள்ள அனுப்பி, வாசனை ஒளிச்சு வச்சிருக்கோம், சில இடத்துல சிவப்பு காகிதம் அடையாளமா இருக்கும்னு சொன்னாங்க. உண்மையில ஒரு இடத்துலயும் எதுவுமே வைக்கல. ஆனா இங்க இருக்குன்னு நாய் காட்டினதா வந்த தப்பு அலெர்ட் 225, அதுவும் சிவப்பு காகிதம் இருந்த இடத்துல ஜாஸ்தி. காகிதத்தைப் பாத்தது நாயா? ஹேண்ட்லர் கால் அங்க ஒரு நொடி நிக்குது, வார் கொஞ்சம் தளருது, மூச்சு மாறுது, நாய்க்கு அவ்ளோ போதும். அதனால எங்க ஒளிச்சிருக்குன்னு எனக்கே தெரியாம வேற ஆள் ஒளிக்கணும், அந்த ஆளும் தேடுற இடத்துல நிக்கக் கூடாது. 2023 பிப்ரவரியில துருக்கி நிலநடுக்கத்துல நம்ம தேசிய பேரிடர் மீட்புப் படை (என்டிஆர்எஃப்) லேப்ரடார் ஜூலி இடிபாட்டுக்கு மேல நின்னு குரைச்சதும் உடனே தோண்டல, ரோமியோங்கற இன்னொரு நாயை விட்டுப் பாத்தாங்க, அதுவும் அங்கயே குரைச்ச பிறகுதான் தோண்டி ஆறு வயசுப் பொண்ணை உயிரோட எடுத்தாங்க.

இனி காத்து. சமவெளியில பழகின நாயும் ஹேண்ட்லரும் மலைக்கு வந்தா முழிக்கிறது இங்கதான். வெயில் ஏறினதும் சரிவு சூடாகி காத்து மேல ஏறும், பொழுது சாஞ்சதும் குளிர்ந்த காத்து கனத்து பள்ளத்துக்கு வடியும். காலையில மலை உச்சியில நின்னா கீழ இருக்குறது மணக்கும், சாயங்காலம் பள்ளத்துல நின்னா மேல இருக்குறது மணக்கும். ஒரு நாள் சாயங்காலம் கெங்கரை ரோட்டுல நண்பர் ஒருத்தர் டீத்தோட்டத்துல எங்கயோ ரப்பர் துண்டை வச்சுட்டு போயிட்டார். நான் சிட்டுவோட ரோட்டுல நடக்குறேன். ஒரு மோரிப் பாலம் வந்துச்சு, அதைத் தாண்டி நாலு எட்டு வச்சவ டக்குனு நின்னா. அதுவரைக்கும் நாக்கைத் தொங்கப் போட்டு வந்த வாய் மூடிக்கிச்சு. இந்த வாய் மூடுறதைப் பாக்கக் கத்துக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது, மூச்சிரைக்கும்போது நாயால சரியா மோந்து பாக்க முடியாது, வாசனை கிடைச்சா முதல்ல வாயைத்தான் மூடும். திரும்பி மோரிக்குள்ள தலையை விட்டா, அப்புறம் தண்ணி வடியறதுக்கு வெட்டின கான் வழியா மேல ஏற ஆரம்பிச்சா, இடது பக்கம் ரெண்டு செடி போய் இல்லைன்னு திரும்பி, வலது பக்கம் போய் திரும்பி, அந்த வளைவு ஒவ்வொரு தடவையும் சின்னதாகிக்கிட்டே போகுது, ரொம்ப மேல ஒரு கல் கட்டுச் சந்துல மூக்கை வச்சு உறைஞ்சுட்டா. டீச்செடியோட மேல்தட்டு மூடி போட்ட மாதிரி இருக்கும், குளிர்ந்த காத்து அதுக்கு அடியிலயே வாசனையைச் சுமந்துக்கிட்டு தண்ணி போற வழியில வந்து மோரியில கொட்டியிருக்கு. மோரிக்குள்ளயே தேடுன்னு நான் விரலை நீட்டியிருந்தா அன்னிக்குப் பொழுது அங்கயே போயிருக்கும்.

மூடுபனி நாள் நல்ல நாள், ஈரம் வாசனையைப் பிடிச்சு வைக்கும், குளிர்ல நாயும் இரைக்காது. அடைமழை கழுவிடும். சோலை ஓரத்துல காத்து சுழலும், அங்க பொறுமை வேணும்.

இந்த மலையில மோப்ப நாய் எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு, 2009 நவம்பர் நீலகிரி மண்சரிவுல 40 பேருக்கு மேல போனாங்க. 2019 ஆகஸ்ட் 8 அன்னிக்கு அவலாஞ்சியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் மழை. 2024 ஜூலை 30 வயநாடு முண்டக்கை, சூரல்மலை, கூடலூருக்கு அந்தப் பக்கம்தான். அங்க கேரளா போலீசோட மாயா, மர்ஃபிங்கற நாய்கள் மண்ணுக்கடியில உடல்களைத் தேடுச்சு. ஈரச் சேறு காத்தை அடைச்சுடும், வாசனை மேல வராது, அதனால இந்த மாதிரி தேடுதல்ல நீளக் கம்பியை மண்ணுல இறக்கி ஓட்டை போட்டு, கொஞ்சம் நேரம் கொடுத்து, அப்புறம் நாயை விடுவாங்க. எஸ்டேட்காரங்க என்கிட்ட திருட்டுக்கு நாய் கேக்குறப்போ இதையும் யோசிங்கன்னு சொல்லுவேன், யாரும் பெருசா காதுல வாங்கல.

காட்டு விஷயத்துல, வனவிலங்கு வியாபாரத்தைக் கண்காணிக்கிற ட்ராஃபிக் அமைப்பும் டபிள்யூடபிள்யூஎஃப் இந்தியாவும் 2008-ல ஆரம்பிச்ச திட்டம் இருக்கு, நூறு நாய்க்கு மேல பழக்கி வனத்துறைகளுக்குக் கொடுத்தாச்சு, புலித்தோல், எலும்பு, தந்தம், செம்மரம் எல்லாம் தேடும். ஒரு நாய்க்கு ரெண்டு ஹேண்ட்லர், அவங்களும் நாயோட மாசக்கணக்குல கூடவே தங்கிப் பழகணும். நாயைப் பழக்கிட்டு ஆளை ட்ரான்ஸ்ஃபர் பண்ணினா வேலைக்காகாது, அதான் ரெண்டு பேர். மோப்ப நாய்னாலே குத்தவாளியைப் பிடிக்கத்தான்னு நினைக்க வேண்டாம், நியூசிலாந்துல 1890-கள்லயே ரிச்சர்ட் ஹென்றின்னு ஒருத்தர் பறக்க முடியாத காகாபோ, கிவி பறவைகளைக் காப்பாத்தி வேற தீவுக்குக் கொண்டுபோக நாயை வச்சுத்தான் தேடுனாரு. 2020-ல வந்த அமெரிக்க ஆய்வுல ஆரஞ்சு மரத்துக்கு வர்ற கிரீனிங் நோயை நாய்கள் 99 சதவீதம் சரியா மோந்து சொல்லுச்சு, மரத்துல அறிகுறி தெரியறதுக்கு ரொம்ப முன்னாடியே. கீழ்ப்பழனி மலையில ஆரஞ்சு எப்படி இருந்துச்சு, எப்படி இல்லாம போச்சுன்னு தாண்டிக்குடி பக்கத்துப் பெரியவங்ககிட்ட கேட்டவங்களுக்கு இதைப் படிச்சா வயிறு எரியும்.

உடம்பு விஷயம் ரெண்டு மூணு இருக்கு. மழைக்காலத்துல புல்லுல மூக்கை வச்சுத் தேடுற நாய்க்கு அட்டை நாசிக்குள்ளயே ஏறிடும். ஒரு பக்க மூக்குல மட்டும் ரத்தம், விடாம தும்மல்னா டார்ச் அடிச்சுப் பாருங்க, இழுத்துப் பிடுங்காதீங்க, டாக்டர்கிட்ட போங்க. உண்ணிக் காய்ச்சலும் இங்க சகஜம். மாத்திரைல ஒரு கவனம் வேணும், வயித்தால போனா வழக்கமா கொடுக்குற மெட்ரோனிடசோல் மூக்கை மந்தமாக்கும், 2016-ல அமெரிக்காவுல வெடிபொருள் நாய்களுக்குக் கொடுத்துப் பாத்ததுல பாதி நாய்க்கு மோப்பத் திறன் குறைஞ்சுது, உண்ணிக் காய்ச்சலுக்குக் கொடுக்குற டாக்சிசைக்ளின்ல அந்த அளவுக்குப் பிரச்சனை தெரியல. மருந்தை நீங்களா நிறுத்த வேண்டாம், டாக்டர்கிட்ட இது வேலை பாக்குற நாய்னு சொல்லுங்க, மெட்ரோனிடசோல் போயிட்டு இருக்குறப்போ வேலைக்கு விடாதீங்க.

காட்டெருமை நின்னா உடனே வாரைப் போட்டுத் திரும்பிடணும், நாய் குரைச்சா அது முட்ட வர்றது நாயை மட்டும் இல்ல. அதனால பந்தை நடுவழியில விட்டுட்டு கூப்பிட்ட குரலுக்கு வர்ற பழக்கம் வாசனைப் பாடத்துக்கு முன்னாடியே வேணும், சிட்டுவுக்கு இதுதான் எல்லாத்தையும் விட லேட்டாச்சு, இன்னமும் நூத்துக்கு நூறுன்னு சொல்ல மாட்டேன். அப்புறம் சிறுத்தை. இங்க நாய் வளக்குற எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான், கட்டிப் போட்ட சங்கிலி மட்டும் காலையில கிடக்கும். இருட்டினதும் உள்ள, கதவு சாத்தி, கம்பி வலை மேலயும் போட்டு. மாலினாய்ஸ்தான் வேணும்னு பிடிவாதமா நிக்கிறவங்க முதல்ல அந்தக் கூண்டைக் கட்டிட்டு போன் பண்ணுங்க, பந்தை நான் கொண்டு வர்றேன்.